மருத்துவச்சியை எழுதிய நாவிதர்

துறைமுக ஊரான பால்கரியில் மீன் சந்தைக்கு இறங்கும் சந்தின் முனையில் நினியன் ஹாடோவின் சவரக்கடை இருந்தது. சவரம், டோப்பாவுக்குச் சுருள் வைப்பது, பல் பிடுங்குவது என்று மூன்று வேலையும் செய்வார். மூன்றிலும் சுமார்தான். பேச்சுக் கேட்பதில்தான் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வந்தவர் ஏதாவது சுவையாகச் சொல்லிவிட்டால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். ஒரு கன்னம் வழித்தும் மறு கன்னம் நுரையோடும் ஆள் காத்திருக்க, அவர் தட்டிக்குப் பின்னால் போய் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு வருவார். அதற்குள் நுரை காய்ந்து தோலை இழுக்கும். ஆனாலும் எல்லோரும் அவரிடமேதான் போனார்கள். ஊரில் வேறு நாவிதர் இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் இசபெல் கிராம்பி. இந்த ஊர் அச்சுக்கூடம் என்னுடையது. புருஷன் போன பிறகு நானே நடத்துகிறேன். நினியன் வாழ்நாளில் போட்ட ஒரே புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தவள் நான்தான்.

நோட்டு எழுதும் பழக்கம் அவருக்கு இருபது வயதில் வந்தது. தன்னைத் திருத்திக்கொள்ள நினைத்துத்தான் தொடங்கினாராம். முதல் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ‘குடியைக் குறைக்க வேண்டும். எந்தப் பெண் சிரித்தாலும் அவளைக் காதலிப்பதை நிறுத்த வேண்டும். அப்பாவிடம் எதிர்த்துப் பேசக் கூடாது.’ எட்டு நாள் இதையே திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நாள் ஒரு படகோட்டி தன் மாமியாரைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பட்டியல் காணோம். ஆள் திருந்தவில்லை. ஆனால் தன்னைவிட மற்றவர்கள் சுவாரசியமானவர்கள் என்று கண்டுகொண்டார்.

கல்யாணம் ஆயிற்று. மனைவி ஜீன், தையல்காரர் மகள். வாய் கொஞ்சமாகத்தான் பேசும், பேசினால் தைக்கும். நினியனுக்குப் புது மேல்சட்டை என்றால் உயிர். விருந்து என்றால் கடைசி ஆளாகத்தான் எழுந்திருப்பார். மறுநாள் தலைவலியோடு உட்கார்ந்து, முந்தின நாள் தான் அடித்த கூத்தையும் ஒன்று விடாமல் எழுதுவார். யாரைப் பார்த்து மயங்கினார், எந்த மேசைமேல் ஏறிப் பாடினார், ஜீன் என்ன சொன்னாள், எல்லாம் அதில் இருக்கும்.

1773-இல், ஒரு அக்டோபர் காலையில், கிரிசல் லொரிமர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கடைக்குள் நுழைந்தாள். அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பருத்த உடம்பு, செத்துப்போன புருஷனின் கறுப்புத் தொப்பி, மார்பெல்லாம் மூக்குப்பொடி. எங்கள் ஊரில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். நினியனும் அப்படித்தான். அதனால் நகரசபைத் தலைவரைக்கூட அவள் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவாள்.

கடைவாய்ப் பல். நினியன் இரண்டு தரம் குறடு போட்டு இழுத்தார், வரவில்லை. மூன்றாம் தரம் குறடை எடுக்கும்போது கிரிசல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உன்னை வெளியே இழுக்க நான் இவ்வளவு பாடு படலடா. அத்தனைக்கும் நீ இந்தப் பல்லைவிடப் பெருசு.”

நினியனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்ததில் பல் வந்துவிட்டது. வாய்க்குத் துணியைக் கொடுத்துவிட்டு நேரே தட்டிக்குப் பின்னால் போனார். எழுதி முடித்து நிமிர்ந்தால் தோளுக்குமேல் கிரிசல் நிற்கிறாள். அவளுக்கு எழுத வராது, படிக்க வரும். பைபிள் படிக்க என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அந்த அளவு சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

“‘சிரமம்’னு எழுதியிருக்க. அந்த வார்த்தை என் வாயில வந்ததே இல்ல. பாடுன்னு சொன்னேன். பாடுன்னு எழுது.”

நினியன் அடித்துத் திருத்தினார். அவள் போகவில்லை. தன்னைப் பற்றி வேறு என்னென்ன எழுதி வைத்திருக்கிறான் என்று கேட்டாள். இதுதான் முதல் தடவை என்றார் அவர். கிழவிக்கு முகம் சுண்டிவிட்டது.

“பதினஞ்சு வருஷமா ஊர்ப் பேச்சையெல்லாம் எழுதற. நான் மட்டும் என்ன ஊமையா?”

அன்று தொடங்கியது. பதினோரு வருஷம் நடந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு கிரிசல் எந்தப் பண்ணைக்குப் போனாலும் நினியனும் கூடப் போவார். அவள் ஒரு மட்டக் குதிரையில், இவர் பக்கத்தில் நடையில். அந்தக் குதிரைக்கு மாஜிஸ்திரேட் என்று பெயர் வைத்திருந்தாள். அது நினைத்த இடத்தில் நிற்கும், காரணம் சொல்லாது. பிரசவ அறைக்குள் ஆண்பிள்ளைக்கு இடமில்லை. ஆகவே நினியன் அடுப்படியில் புருஷன்காரனோடு உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து அவள் போடும் சத்தத்தை எழுதுவார், புருஷன்காரனின் புலம்பலையும் எழுதுவார். திரும்பும் வழியில் கேள்விமேல் கேள்வி கேட்பார். குழந்தை குறுக்கே கிடந்தால் கையை எப்படி வைப்பாய்? எப்போதாவது பயந்திருக்கிறாயா? உன் புருஷனை உனக்குப் பிடித்திருந்ததா?

“உனக்கு இருக்கறது நாக்காடா, ஓட்டை போடற துறப்பணமாடா?” என்பாள். சொல்லிவிட்டு மூன்று கேள்விக்கும் பதில் சொல்வாள்.

அவள் சொன்னவற்றில் ஒன்று இன்றுவரை எங்கள் ஊரில் புழங்குகிறது. ஒரு பண்ணைக்காரன், மனைவி வலியில் துடிக்கும்போது தான் என்ன செய்யட்டும் என்று கிரிசல் காலைச் சுற்றி வந்தானாம். விறகு பிளக்கச் சொன்னாள். விறகு கூரைவரை அடுக்கியிருக்கிறது என்றான் அவன். “புருஷனுக்குப் பிரசவத்துல ஒரே வேலைதான், விறகு பிளக்கறது. விறகு தேவையில்லேன்னாலும் பிளக்கணும். போ,” என்றாள். இப்போதும் எங்கள் ஊரில் யார் வீட்டிலாவது கோடரிச் சத்தம் விடாமல் கேட்டால், குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்துகொள்வோம்.

ஜீன் இதற்கெல்லாம் தடை சொன்னதில்லை. ஒருநாள் நான் தாள் கொடுக்கப் போயிருந்தபோது, அவர் நடைக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் ஓட்ஸ் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள். “அறுபத்தஞ்சு வயசுப் பொம்பளை பின்னால போறீங்க, சந்தோஷமா போயிட்டு வாங்க. போன வருஷம் அந்த உப்புக் கிடங்கு விதவை பின்னால போனீங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை,” என்றாள். நினியன் காது சிவந்துபோய் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். இந்தப் பேச்சும் அன்றைய நோட்டில் இருக்கிறது.

1779-இல் கிரிசலுக்கு அரன் தீவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவள் அம்மா பிறந்த இடம். வானம் தெளிந்த நாட்களில் எங்கள் துறைமுகத்திலிருந்தே அதன் மலை தெரியும். அறுபத்தொன்பது வருஷம் பார்த்தாளே தவிர போனதில்லை. ஜூன் மாதம் நினியன் அவளைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். பயணத்துக்கென்று மஞ்சள் மேல்சட்டை ஒன்று தைத்துக்கொண்டார். பாதிக் கடலில் அந்தச் சட்டைமேலேயே வாந்தி எடுத்தார். கிழவி படகின் முனையில் உட்கார்ந்து, குளிர்ந்த ஆட்டுக்கறியைக் கடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

தீவில் அம்மா வீட்டார் யாரும் மிஞ்சவில்லை. வீடு இருந்த இடத்தில் கல் குவியல்தான் கிடந்தது. கிரிசல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதைப் பார்க்கவா அந்தப் படகில் வந்தோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். ஆனால் மூன்றாம் நாள் காலையில் கரையோரத்து வீடு ஒன்றிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண் இரண்டு நாளாக வலியில் கிடக்கிறாள், மறுகரையிலிருந்து மருத்துவச்சி ஒருத்தி வந்திருக்கிறாளாமே என்று கேட்டு வந்தார்கள்.

அந்த வீட்டில் தீவின் மருத்துவச்சி ஏற்கெனவே இருந்தாள். மொராக் என்று பெயர், ஒட்டடைக்கோல் மாதிரி உடம்பு. அவளுக்கு கேலிக் மொழி மட்டும்தான் தெரியும். கிரிசலின் அம்மா அந்த மொழிதான் பேசினாள். ஆனால் மகளுக்கு அதில் ஒரு வார்த்தை நினைவில்லை. இரண்டு கிழவிகளும் சைகையால் சண்டை போட்டார்கள். இவள் தலையணையை வைத்தால் அவள் தூக்கி எறிந்தாள். அவள் வலப்பக்கம் புரட்டினால் இவள் இடப்பக்கம் புரட்டினாள். கதவு திறந்திருந்ததால் நினியன் முற்றத்திலிருந்து பாதியைப் பார்த்தார், மீதியைப் பிறகு கேட்டு எழுதினார். கடைசியில் கிரிசல் மொராக்கின் கையைப் பிடித்து, அந்தப் பெண்ணின் வயிற்றில் ஓரிடத்தில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள். உள்ளே குழந்தை நகர்ந்தது இருவருக்கும் தெரிந்தது. அதற்குமேல் சண்டை இல்லை. உச்சிப்பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்தது.

பிறகு இருவரும் வாசலில் ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்து மூக்குப்பொடியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு மொழியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருத்தி பேசும்போது மற்றவள் தலையாட்டினாள். நினியனுக்கு ஆவல் தாங்கவில்லை. அந்தம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார்.

“எனக்கென்னடா தெரியும்? ஆனா ரொம்பச் சரியாச் சொன்னா,” என்றாள் கிரிசல்.

அந்த வாரத்தைப்போலச் சந்தோஷமான வாரம் தன் வாழ்க்கையில் இல்லை என்று நினியன் எழுதியிருக்கிறார். சட்டை மட்டும் தேறவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஒரு செப்டம்பர் மாலை. வெயில் இன்னும் இருந்தது. வயல்களில் ஓட்ஸ் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் வழக்கம்போல வழியில் நின்றுவிட்டது. கிரிசல் இறங்கி வரப்போரக் கற்சுவரில் உட்கார்ந்தாள். கொல்லன் மனைவி ஆக்னஸ் டெனன்டைத் தெரியுமா என்று நினியனைக் கேட்டாள். தெரியும், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் செத்துப்போனாள் என்றார் அவர். அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்கிறேன், எழுது என்றாள்.

நடந்தது இதுதான். கொல்லன் ராப் டெனன்ட், மனைவி கர்ப்பமாக இருந்தபோது, சாராயக் கடையில் கிரிசலை ஏதோ இழிவாகப் பேசினான். இனி எய்ர் நகரத்து வைத்தியரைத்தான் கூப்பிடப்போகிறேன், இந்தப் பொடிக் கிழவியை வீட்டு வாசலில் சேர்க்கமாட்டேன் என்றானாம். அது அவள் காதுக்கு வந்தது. மார்ச் மாதம் ஒரு காலையில் அவனே அவள் வாசலுக்கு ஓடி வந்தான். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சொன்னதற்கு மன்னிப்புக் கேள் என்றாள். அவன் கேட்டான். சத்தமாகக் கேள் என்றாள். கேட்டான். அதற்குமேலும் அவனை வாசலில் நிறுத்திவைத்து, கஞ்சியைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். போய்ச் சேர்ந்தபோது ஆக்னசுக்கு இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. குழந்தையைத்தான் காப்பாற்ற முடிந்தது.

“நேரே போயிருந்தா பொழைச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் நேரே போகல,” என்றாள் கிரிசல்.

இதை எழுதத்தான் வேண்டுமா என்று நினியன் தயங்கினார். அவள் அவரை முறைத்தாள். “நான் நல்லா செஞ்சதையெல்லாம் எழுதின. என் மூக்குப்பொடியை எழுதின, குதிரையை எழுதின. இதை விட்டா அதெல்லாம் பொய். எழுதுடா.”

அவர் எழுதினார். அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். எதையும் திருத்தவில்லை.

1784 பிப்ரவரியில் கிரிசல் மார்ச்சளியில் படுத்தாள். நாங்கள் பலரும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். போதகர் பர்டி ஜெபம் செய்ய வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் நீளமாகப் பேசுவார். முடித்துவிட்டு, அம்மா, உங்கள் உள்ளம் நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டார்.

“நான் நிம்மதியாத்தான் இருக்கேன். நீங்க திறந்து வெச்ச கதவைத்தான் யாரும் மூடமாட்டேங்கறாங்க,” என்றாள்.

மறுநாள் பிற்பகல் நினியனை அரன் தீவுப் பக்கங்களைப் படிக்கச் சொன்னாள். அவர் வாந்தி எடுத்த இடத்தை இரண்டு தரம் படிக்கவைத்துச் சிரித்தாள். அப்படியே கண்ணயர்ந்தாள். அவ்வளவுதான். எழுபத்து நாலு வயது, பெரிய வேதனை ஒன்றுமில்லை.

அடக்கத்துக்கு மூன்று ஊர் வந்தது. போதகர் அவளை ஒரு புனிதவதி என்று பிரசங்கம் செய்தார். சாந்த குணம், இனிய சொல் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, எனக்கு முன்வரிசையில் இருந்த தோள்கள் சிரிப்பில் குலுங்கின. ஆனாலும் ஊருக்கு அந்தப் பிரசங்கம் பிடித்துவிட்டது. போதகர் அதை அச்சடிக்கக் கொடுத்தார், நான்தான் அடித்தேன். எல்லோர் வீட்டிலும் வாங்கி வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

நினியன் மட்டும் கோபமாக இருந்தார். இது யாரோ ஒருத்தி, நமக்குத் தெரிந்தவள் இல்லை என்றார். கடையை மூடியபின் உட்கார்ந்து, பதினோரு வருஷ நோட்டுகளைப் பரப்பி வைத்து எழுதத் தொடங்கினார். இரண்டு வருஷம் ஆயிற்று. ஒருநாள் காலையில் ஒரு மீன் கூடை நிறையத் தாள்களைச் சுமந்துகொண்டு என் அச்சுக்கூடத்துக்கு வந்தார். மொத்தம் எழுநூறு பக்கம். பாதியாக்கி எடுத்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். மாஜிஸ்திரேட் நின்ற இடங்களை மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருந்தார் மனிதர். மூன்று மாதம் இருவரும் சண்டை போட்டோம். ஒரு பக்கத்தை வெட்டினால் ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

ஆக்னஸ் பற்றிய பகுதி வந்தபோது நானே கோத்துக்கொண்டிருந்த எழுத்தைக் கீழே வைத்துவிட்டேன். இதை நான் அடிக்கமாட்டேன் என்றேன். கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஊர் அவளைப் புனிதவதி என்கிறது, இதைப் போட்டால் நம் இரண்டு பேர் ஜன்னலிலும் கண்ணாடி மிஞ்சாது. அதோடு, ஆக்னசின் மகள் இதே ஊரில்தான் இருக்கிறாள். நான் சொன்ன மற்ற எதுவும் நினியன் காதில் ஏறவில்லை. மகள் என்றதும் அந்தத் தாள்களைக் கையில் எடுத்தார். பிறகு, அவளிடம் படித்துக் காட்டுவோம், அவள் வேண்டாமென்றால் இந்தத் தாள்களை அவள் முன்னாலேயே அடுப்பில் போடுகிறேன் என்றார். எழுதிய ஒரு தாளைக்கூட எறிந்தறியாத மனிதர் அவர். நான் சம்மதித்தேன்.

எஃபி டெனன்டுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கொல்லன் ராப் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவன் ஆக்னசின் பெயரையே வீட்டில் எடுத்ததில்லை. எஃபியை வளர்த்தது அவள் அத்தை. துறைமுகத்தில் ஹெர்ரிங் மீனை அறுத்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்கும் வேலை அவளுக்கு. நாங்கள் போனபோது வேலை மும்முரமாக இருந்தது. கையை நிறுத்த முடியாது, நீங்கள் பாட்டுக்குப் படியுங்கள் என்றாள். நினியன் மீன் பீப்பாய்களுக்கு நடுவில் நின்று படித்தார். கஞ்சி, கிண்ணம், வாசலில் நின்ற அவள் அப்பா, எல்லாவற்றையும் படித்தார். பாதியில் எஃபியின் கத்தி நின்றுவிட்டது.

முடித்ததும் அவள் கத்தியைப் பீப்பாய் விளிம்பில் வைத்தாள். நான் மனசுக்குள், எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்போ அது நான் இல்ல,” என்றாள் எஃபி.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்தாள். “எங்க அத்தை கோபம் வந்தா, ‘பெத்தவளைத் தின்னுட்டு வந்தவ’ன்னுதான் என்னைச் சொல்லும். நான் பெருசா இருந்தேனாம், அதான் அம்மா தாங்கலையாம். நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன், இத்தனை நாளும்.”

கிரிசல்மேல் கோபம் வரவில்லையா என்று நான் கேட்டேன். வருகிறது, நிறைய வருகிறது, ஆனால் அந்தம்மாவாவது அதைச் சொல்லிவிட்டுப் போனாளே என்றாள். அப்புறம் நினியனைப் பார்த்து, அந்த நோட்டுகளில் எங்கம்மாவைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சாவைப் பற்றி வேண்டாம், வேறு எதுவானாலும் சரி என்றாள்.

நினியன் அன்றைக்குக் கடை திறக்கவில்லை. பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டி, மாலைக்குள் நாலு இடம் கண்டுபிடித்துவிட்டார். ஆக்னஸ் கல்யாணத்துக்கு முன் சத்திரத்தில் வேலை பார்த்தவள். முதலாளியின் டோப்பாவைச் சுருள் வைக்கக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் பிரதி எடுத்துக் கொடுத்ததில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. ‘1762 ஏப்ரல். ஆக்னஸ் வந்தாள். டோப்பாவைத் தன் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். இதைப் போட்டா என்னையும் நீதிபதி ஆக்குவாங்களா, ஆக்கினா எங்க முதலாளியைத்தான் முதல்ல தூக்குல போடுவேன் என்றாள். முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி. வாயைத் திறந்து சிரிக்கிறாள். நான் இன்று இரண்டு நிமிடம் இவளைக் காதலித்தேன்.’

எஃபி அதைப் படித்துவிட்டு எங்கள் எதிரிலேயே நாக்கால் தன் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அந்த இடைவெளி உண்டு. புத்தகத்தில் எல்லாவற்றையும் போடுங்கள் என்றாள். “அந்த ரெண்டு நிமிஷத்தையும் போடுங்க,” என்றாள்.

1786-இல் புத்தகம் வந்தது. ஐந்நூறு பிரதி. நான் பயந்ததில் பாதி நடந்தது. போதகர் பர்டி பெயர் சொல்லாமல் ஒரு ஞாயிறு முழுக்கத் திட்டினார். பதினொரு ஆட்கள் இனி நினியனிடம் சவரம் செய்துகொள்வதில்லை என்று சபதம் எடுத்தார்கள். பதினைந்து நாளில் ஊர் முள்ளம்பன்றிக் கூட்டம் மாதிரி ஆயிற்று. பிறகு ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நினியன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டிக்குப் பின்னால் போய் யார் எந்த நாளில் திரும்பி வந்தார் என்று குறித்துக்கொண்டார். என் ஜன்னல் கண்ணாடி பத்திரமாகவே இருந்தது. எஃபி புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தையில் நடந்ததைப் பார்த்தபின் யாருக்கும் கல்லெடுக்க மனம் வரவில்லை.

பால்கரியில் அதிகம் விற்கவில்லை. வாங்கியவர்கள் வெளியூர் மருத்துவச்சிகள். கிரிசல் வழிநெடுகச் சொன்ன கைப்பக்குவமெல்லாம் அவள் சொன்ன சொல்லிலேயே அதில் இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தால் என்ன செய்வது, இரத்தம் நிற்காவிட்டால் எங்கே அழுத்துவது, புருஷனை எங்கே அனுப்புவது, எல்லாம் இருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் படிக்கவைத்துக் கேட்டார்கள். ஒருத்தி முப்பது மைல் நடந்து வந்து இரண்டு பிரதி வாங்கிப்போனாள். ஒன்று கிழியும்வரைக்கும், ஒன்று அதற்குப் பிறகு என்றாள். அந்த மொராக்குக்கு ஒரு பிரதி அனுப்பினோம். அவளுக்கு மொழியும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பதிலுக்கு ஒரு சட்டி வெண்ணெய் வந்தது.

போதகரும் ஒரு பிரதி வைத்திருந்தார் என்பது அவர் சாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓரங்களெல்லாம் அழுக்கேறி இருந்தன.

நினியன் அதற்குப் பிறகு வேறு புத்தகம் எழுதவில்லை. நோட்டு எழுதுவதை மட்டும் விடவில்லை. கடைசி வருஷங்களில் காலில் மூட்டுவலி வந்து, கடையை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் திறந்தார். கூட்டம் குறையவில்லை. ஆட்கள் இப்போது வேண்டுமென்றே நல்ல பேச்சாகத் தயார் செய்துகொண்டு வந்து சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு கத்தியைத் தீட்டுவார். எழுத எழுந்திருக்கமாட்டார். அவர்கள் ஏமாந்துபோய், போகும்போது வாசலில் நின்று முணுமுணுப்பதைத்தான் எழுதினார். 1803-இல், அறுபத்தைந்து வயதில், நன்றாகச் சாப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலமானார்.

நாற்பத்து மூன்று நோட்டுகள் இருந்தன. மூத்த மகன் கிளாஸ்கோவில் பள்ளி ஆசிரியர், மரியாதைப்பட்ட ஆள். அப்பாவின் குடியும் காதலும் சந்தி சிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் எரித்துவிடலாம் என்றான். ஜீன் அவனுக்குத் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

“எனக்குத் தெரியாத எதுவும் அதுல இல்லடா. நானே வெட்கப்படல. உனக்கென்ன?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நோட்டுகளை அவள் ஓட்ஸ் மாவுப் பெட்டிக்குள் வைத்தாள். ஈரம் ஏறாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். புரட்டினால் இன்றும் மாவு உதிரும்.

இப்போது ஜீனுக்கு எழுபது வயது. வாரத்தில் மூன்று நாலு பேராவது அவள் கதவைத் தட்டுகிறார்கள். துறைமுகச் சுவர் இடிந்தது எந்த வருஷம் என்று கேட்டு நகரசபைக்காரர் வருகிறார். அம்மா நிச்சயதார்த்தத்தன்று என்ன பேசினாள் என்று கேட்டு ஒரு பெண் வருகிறாள். கடலில் மூழ்கிப்போனவனின் அண்ணன், தம்பி கடைசியாகக் கடையில் என்ன பேசினான் என்று கேட்டு வருகிறான். ஜீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவாள். தேதி தெரிந்தால் கால் மணி நேரம் ஆகும், தெரியாவிட்டால் ஒரு நாள். கிடைத்தால் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுவாள். கெட்ட பேச்சாக இருந்தாலும் மாற்றிச் சொல்லமாட்டாள். கேட்க விருப்பமில்லை என்றால் இப்போதே போய்விடுங்கள் என்று முதலிலேயே எச்சரித்துவிடுவாள். இதுவரை ஒருவரும் எழுந்து போனதில்லை.

புதன்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். கிரிசல் புத்தகத்தை மறுபடி அச்சிடக் கேட்டு எடின்பரோவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான் அன்றைக்கு வெட்டிய பக்கங்களில் சிலவற்றைத் திரும்பச் சேர்க்கலாமா என்று பார்க்கிறோம். மாஜிஸ்திரேட் குதிரைக்குப் பத்துப் பக்கம் கொடுப்பதாக ஒத்துக்கொண்டுவிட்டேன். ஜீன் இருபது கேட்கிறாள். போன புதன் அவள் சுட்ட பார்லி ரொட்டியைத் தின்றுகொண்டே இரண்டு மணி நேரம் வாதாடினோம். பதினைந்தில் வந்து நிற்கிறது.